கிழக்குப் பார்த்த கல்

சங்குப்பட்டணம்
3-11-1938

ஸ்யாமளாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பத்திரிகையில் பெயர் வந்தவளுக்கு என்ன குறை இருக்கும்? இங்கே நாங்கள்தான் தண்ணீருக்குத் திண்டாடப் போகிறோம், அதுவும் உன் தயவில்.

எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பென்சிலை இரண்டாக ஒடித்து எழுதிய சிநேகிதி என்று நம்பி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தெருவைப் பற்றி உனக்கு நாலு பக்கம் எழுதினேன். அதை நீ தீபாவளி மலருக்குக் கட்டுரையாக்கி அனுப்பியிருக்கிறாய். அனுப்பியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'இத்தெருவில் முற்காலத்தில் மருதமரங்கள் அடர்ந்திருந்தன. அதனாலேயே மருதத் தெரு எனப் பெயர் பெற்றது' என்று எழுதினாயே, எந்த மரத்தைக் கண்டாய்? நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருஷம். இந்தத் தெருவில் இருப்பது ஒரு பூவரசும், ஆடு கடித்த பாதி வேம்பும்தான்.

போன வெள்ளிக்கிழமை நகரசபையில் அந்த மலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? தெருக்கோடியில் பஞ்சு மூட்டை அடுக்கக் கிட்டங்கி வைத்திருக்கிறாரே, அந்த முதலாளி. அவர் கிட்டங்கியை ஒட்டிக் காலி இடமும் அதன் நடுவில் ஒரு கிணறும் இருக்கிறது. அந்த இடம் தன் பாட்டனாரின் மருதந்தோப்பு என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, யாரும் காது கொடுக்கவில்லை. இப்போது, "மதுரையில படிச்ச டீச்சரம்மாவே மரம் இருந்துச்சுன்னு அச்சுல போட்டுட்டாங்கய்யா" என்கிறார். சபையில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்களாம். இருபத்தொன்றாம் தேதி கூட்டத்தில் முடிவு.

இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்த ஒரு கிணறுதான் இனிப்பு. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடும், படகுக்காரர்களும், உப்பளத்து ஆட்களும் அதைத்தான் குடிக்கிறோம். அவர் சுவர் எழுப்பிவிட்டால் ஊருக்கு வெளியே இரண்டு மைல் நடந்து ஊருணித் தண்ணீருக்குப் போக வேண்டும்.

நோன்பு வைத்துக்கொண்டு ஒருத்தியைத் திட்டக்கூடாது. ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். நீ எழுதியது தப்பு என்று உன் கையாலேயே எழுதி அனுப்பு.

சபியா


மதுரை
5-11-1938

சபியாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். திட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய்.

நான் ஒன்றும் காற்றில் எழுதிவிடவில்லை. மருதம் என்பது மரம். எந்த நிகண்டையும் எடுத்துப் பார். மரத்தின் பெயரால் தெருக்களும் ஊர்களும் வழங்குவது நாடறிந்த விஷயம். அப்போதே உன்னிடம் கேட்டேன், இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று. நீ என்ன பதில் எழுதினாய்? 'எனக்கென்ன தெரியும், நீதானே தமிழ் டீச்சர்' என்றாய். டீச்சர் தனக்குத் தெரிந்ததை எழுதினாள்.

அது என் முதல் எழுத்து, சபியா. தலைமையாசிரியை அதைக் காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினார்கள். அதைத் தப்பு என்று நான் எழுத வேண்டுமானால், சரி எது என்றும் எழுத வேண்டும் அல்லவா? மரம் இல்லையென்றால் மருதத் தெரு என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? அதைச் சொல், அடுத்த தபாலில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

கிணறு என்று ஒன்று இருப்பதையே உன் பழைய கடிதத்தில் நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் இரண்டு பேரை விசாரித்திருப்பேன். எனக்கு மட்டும் வருத்தம் இல்லை என்று நினைக்காதே. விரைவில் ஒருமுறை நேரில் வருகிறேன்.

ஸ்யாமளா


சங்குப்பட்டணம்
7-11-1938

ஸ்யாமளாவுக்கு,

அர்த்தம் கேட்டாய். தெருவிலேயே வயதில் மூத்தவர் ஜலால் மாமா. அவரிடம் போய்க் கேட்டேன். "நான் பொறக்கையிலயே இது மருதத் தெருதான் புள்ள. மரமும் இல்ல, மட்டையும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்த ஊரில் மற்றத் தெருவெல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும். எங்கள் தெரு மட்டும் மைதானம் மாதிரி அகலம். கிட்டங்கிப் பக்கம் இன்னும் அகலமாகி வட்டமாக முடிகிறது. பழைய வீடுகளில் வாசல் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இரும்பு வளையம் பதித்திருக்கிறது. என் வீட்டில் இரண்டு. அதில் நான் ஆடு கட்டுகிறேன். எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதில் உன் நிகண்டுக்கு ஏதாவது உபயோகம் உண்டா பார்.

இன்னொன்று. நேரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷமாக நீ வந்துகொண்டுதான் இருக்கிறாய். நான் 'வாரேன்' என்று சொல்லும்போதெல்லாம் 'வருகிறேன் என்று சொல்' என்று பள்ளிக்கூடத்தில் என் தலையில் குட்டுவாய். என் 'வாரேன்' சொன்னால் சொன்னபடி மதுரைக்கு வந்து நின்றது, மூன்று தடவை. உன் சுத்தமான 'வருகிறேன்' ஒரு தடவையும் இங்கே வந்து இறங்கவில்லை. கட்டுரையைவிட எனக்கு அதுதான் வலி. சொல்லிவிட்டேன்.

இன்னும் பதினாலு நாள் இருக்கிறது.

சபியா


மதுரை
10-11-1938

சபியா, என் சபியா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். பிள்ளைகளை எங்காவது அனுப்பிவிடு.

எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டுவரும் முருகம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, தினமும் காலை ரயிலில் வருவாள். இன்று வெயில் ஏறியும் காணோம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். அவள் கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "மருதைக்கு வார ரயிலு பாதி வழியில நின்னு போச்சும்மா. நான் என்ன செய்ய?"

மருதைக்கு.

சபியா, பிறந்ததிலிருந்து நான் இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிராமத்திலிருந்து இங்கே வருகிற சனங்களில் பாதிப் பேருக்கு இந்த ஊர் மருதைதான். என் வகுப்பில் பெண்கள் நோட்டில் மருதை என்று எழுதினால் சிவப்புப் பென்சிலால் அடித்து மேலே மதுரை என்று எழுதுவது என் வழக்கம். அடித்து அடித்து, காதில் விழும்போதே அந்த வார்த்தை மதுரையாகத் திருந்தித்தான் எனக்குள் வரும் போலிருக்கிறது. இன்றைக்குத்தான் முதல்முறையாகத் திருத்தாமல் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்படியே நின்றேன்.

உங்களுடையது மருதமரத் தெரு அல்ல. மருதைத் தெரு. மதுரைத் தெரு. பேச்சில் அது மருதத் தெருவாகிவிட்டது.

கடற்கரை ஊரில் மதுரைக்காரர்களுக்கு என்ன வேலை என்று முருகம்மாளையே கேட்டேன். "எங்கூருல வண்டிக்காரக வீடுன்னு ஒண்ணு இருக்கும்மா. ரயிலு வாரதுக்கு முன்னாடி கடக்கரைக்குப் பஞ்சு ஏத்திட்டுப் போவாகளாம்" என்றாள். இதைக் கேட்டபின் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

உன் சுவரில் இருக்கும் வளையங்கள் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ஸ்யாமளா


சங்குப்பட்டணம்
11-11-1938

அடி ஸ்யாமளா,

உட்காரச் சொன்னாய், உட்கார்ந்தேன். படித்து முடித்து எழுந்து போய் வாசல் வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆடு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எம்புட்டு நாள் மதுரையை நினைத்து ஏங்கியிருப்பேன். காஜிமார் தெருவும் சித்திரை மாதத்துக் கூட்டமும் மல்லிகைப்பூவும் கண்ணிலேயே நிற்கும். அப்போதெல்லாம் என் ஊர் பெயரைத் தாங்கிய தெருவில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் காது இருந்ததா சொல். என் பிள்ளைகளிடம் 'லீவுல மருதைக்குப் போவோம்' என்று நானே சொல்கிறேன். கடிதத்தின் உறையில் 'மருதத் தெரு' என்று நானே எழுதுகிறேன். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆகையால் தப்பில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வளையம் மாடு கட்ட. அகலம் வண்டி போக. கோடியில் வட்டம், பார வண்டி திரும்ப. தெரு முழுக்க எழுதித்தான் வைத்திருக்கிறது, படிக்க ஆளில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் கயிற்றுக் கடையை அப்படியே போட்டுவிட்டு நகரசபைக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கிட்டங்கி முதலாளி சிரித்தாராம். "தயிர்க்காரி பேச்செல்லாம் ஆதாரமாய்யா? கல்லு இருக்கா, பட்டயம் இருக்கா?" என்றாராம். சபைக்காரர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். நியாயமாகவும்தான் படுகிறது.

ஆகையால் நீ உசிலம்பட்டிக்குப் போக வேண்டும். அந்த வண்டிக்கார வீட்டில் ஏதாவது இருக்கும். ஒரு ஓலை, ஒரு பழைய சாமான், எதுவானாலும் சரி. உன் ஆத்துக்காரர் சிவசங்கரன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போனால் நீ வழியெல்லாம் சனங்களின் பேச்சைத் திருத்திக்கொண்டு நிற்பாய்.

பத்து நாள்.

சபியா


மதுரை
14-11-1938

அன்புள்ள சபியாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான், என் ஆத்துக்காரர், முருகம்மாள் மூவரும் உசிலம்பட்டிக்கு ரயிலேறினோம். இறங்கி மூன்று மைல் நடை. மழை பெய்து கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கிறது. அவர் செருப்பு ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.

வண்டிக்கார வீட்டில் இப்போது இருப்பவர் பெயர் விருமாண்டி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதலில் எங்களை மாடு பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துக் மாட்டுக் கொட்டத்துக்கு அழைத்துப் போய் ஒரு காளையின் பல்லைக் காட்டினார். அப்புறம் சென்ஸஸ்காரர்கள் என்று நினைத்துப் பேச்சையே நிறுத்திவிட்டார். கடற்கரை, கிணறு என்று நான் இரண்டு வார்த்தை சொன்னதும் உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லத்தாய் சிரித்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் இதுதான். விருமாண்டியின் தகப்பனார் மொக்கைச்சாமி பெரிய கோபக்காரராம். வீட்டில் சண்டை வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கடலுக்குக்கிட்ட எனக்கு ஒரு கெணறு இருக்கு. நான் அங்க போயிருவேன், நீங்க கெடந்து சாவுங்க" என்று கிளம்புவாராம். ஊர் மந்தை வரைக்கும் போய்விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். செல்லத்தாய் மருமகளாக வந்து இதைத்தான் முதலில் கேட்டாளாம். இன்றுவரை அந்த வீட்டில் யாராவது பொய் சொன்னால் 'கடக்கரைக் கெணறு' என்பார்கள்.

உங்கள் தெருவையும் கிணற்றையும் நான் விவரித்தேன். விருமாண்டியின் முகம் மாறிவிட்டது. "அப்ப எங்கய்யா சொன்னது பொய்யில்லையா?" என்று மட்டும் கேட்டார். செல்லத்தாய் சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கேட்டதெல்லாம் கொட்டியது. ஏழு வண்டி. இங்கிருந்து பஞ்சு, அங்கிருந்து உப்பும் கருவாடும். அந்த ஊர் உப்புத் தண்ணீரில் மாடுகள் வாய் வைக்காது. ஏழு பேரும் பஞ்சு இல்லாத மாதங்களில் அங்கேயே தங்கி, இரண்டு கோடையில் கிணறு வெட்டிக் கல் கட்டினார்கள். சுற்றிலும் வீடு போட்டுக்கொண்டார்கள். ரயில் வந்தது, வண்டிக்கு வேலை போயிற்று, வீடுகளை அந்த ஊர்க்காரர்களுக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கிணற்றை ஊருக்கு விட்டுவிட்டு வந்தார்கள்.

கேள், இன்னும் இருக்கிறது. கிணற்றில் எழுத்து வெட்டியிருக்கிறது, சபியா. தண்ணீருக்கு அடியில். "மேல எழுதுனா எவன் கண்ணுலயாச்சும் படும், பட்டா செதுக்கிப்புடுவான். தண்ணிதான் காவல்" என்பாராம் மொக்கைச்சாமி. இடத்தைக் குறித்துக்கொள்: மேலிருந்து பதினோராவது கல் வரிசையில், கிணற்றின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது.

நாங்கள் புறப்படும்போது விருமாண்டி பின்னாலேயே வந்து, "தண்ணி இன்னும் இனிக்குதா தாயி?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் ஒருநாளும் வந்து குடிக்கவில்லையே.

ஸ்யாமளா


சங்குப்பட்டணம்
17-11-1938

ஸ்யாமளாவுக்கு,

நேற்று கிணற்றை இறைத்தோம்.

மழைக்காலம். கிணறு நாலாவது வரிசை வரைக்கும் நிரம்பிக் கிடந்தது. ஏழு வரிசைத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உன் கடிதத்தைத் தெருவில் வீடு வீடாகப் படித்துக் காட்டினேன். விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு முப்பது பெண்கள் வந்து நின்றார்கள். அவர் கடையிலிருந்து புதுக் கயிறு நாலு சுருள் கொண்டுவந்து போட்டார். நாலு பக்கமும் உருளை கட்டி இறைத்தோம். தெருவில் இருக்கும் குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிரம்பிற்று. படகுக்காரர்கள் பீப்பாய் கொண்டுவந்தார்கள். உப்பளத்து ஆட்கள் கூலிக்குப் போகாமல் கயிறு பிடித்தார்கள்.

பாதிப் பேருக்கு மேல் நோன்பு. இனிப்புத் தண்ணீர் கை வழியாக, முழங்கை வழியாக ஓடுகிறது, உதட்டில் ஒரு சொட்டு வைக்கக்கூடாது. அறுபது வயது அஜ்மல் பீவி, ஜலால் மாமாவின் தங்கை, கயிற்றை விடவே மாட்டேன் என்றுவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குப் பதினோராவது வரிசை தெரிந்தது. என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். கிழக்குப் பக்கம் முழுக்கத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். பாசி போனது. வெறும் கல். பத்தாவது வரிசையைத் தேய்த்தார், பன்னிரண்டைத் தேய்த்தார். ஒன்றும் இல்லை, ஸ்யாமளா. மேலே கிட்டங்கி வாசலில் முதலாளியின் கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தத் தண்ணீரிலேயே நோன்பு திறந்தோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்று காலையில் எட்டிப் பார்த்தேன். ஊறி ஊறி மறுபடி அதே நாலாவது வரிசையில் தண்ணீர் நிற்கிறது.

மொக்கைச்சாமி சண்டைக்குச் சொன்னது சண்டைக்குச் சொன்னதாகவே இருக்கலாம். விருமாண்டியிடம் இதைச் சொல்லாதே.

சபியா


தந்தி
மதுரை, 18-11-1938

கிழக்குப் பக்கம் அல்ல. கிழக்குப் பார்த்த கல். மேற்குச் சுவரில் பார். தப்பு என்னுடையது. ஸ்யாமளா


மதுரை
18-11-1938

சபியா,

தந்தி கிடைத்திருக்கும். விவரம் இது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன். என் ஆத்துக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "கிழக்குப் பக்கம்னு விருமாண்டி சொன்னாரா, இல்ல நீ எழுதினதா? அடுத்தவா சொன்னதைத் திருத்தாம நீ ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கியா ஸ்யாமளா?"

விருமாண்டி சொன்னது, "பதினோராவது வருசை, கெழக்கப் பாத்த கல்லு." அவருடைய பேச்சைச் சுத்தமாக்குகிறேன் பேர்வழி என்று நான்தான் 'கிழக்குப் பக்கத்தில் உள்ளது' என்று எழுதினேன். கிழக்குப் பார்த்த வீடு என்றால் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். கிணற்றுக்குள் கிழக்கைப் பார்க்கும் கல் மேற்குச் சுவரில் அல்லவா இருக்கும்? முப்பது பெண்கள் நோன்போடு ஒருநாள் முழுக்க இறைத்ததை நான் ஒரு சொல்லில் வீணாக்கிவிட்டேன். மரத்தை நட்டதும் நான், சுவரை மாற்றியதும் நான்.

இத்துடன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். மருதமரம் என்று நான் எழுதியது ஆதாரமில்லாத ஊகம், தவறு, அதை யாரும் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் வாசிக்கச் சொல். தலைமையாசிரியையிடமும் காட்டிவிட்டேன். திங்கட்கிழமைப் பிரார்த்தனையில் இதையும் நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு முறை இறைக்கச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்யாமளா


சங்குப்பட்டணம்
22-11-1938

அடியே என் ஸ்யாமளா,

கயிறு இழுத்து உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் திருத்தாதே.

உன் தந்தியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்க யோசித்தோம். ஞாயிற்றுக்கிழமை இறைத்துக் கண்டுபிடித்தாலும் திங்கட்கிழமைக்குள் தண்ணீர் ஊறிவிடும், சபைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆகையால் அவர் நேரே சபைத் தலைவர் வீட்டுக்குப் போய், கூட்டத்துக்கு முன்னால் காலை பத்து மணிக்குக் கிணற்றடிக்கு வரும்படி அழைத்துவிட்டார். கல்லில் எழுத்து இருக்கிறதா என்று நாங்களே பார்க்காமல் ஊரைக் கூப்பிட்டுவிட்டோம். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

திங்கட்கிழமை இருட்டு விலகும்போதே ஆரம்பித்தோம். இந்தத் தடவை முப்பது பேர் அல்ல, எண்ணவே முடியவில்லை. பத்து மணிக்குத் தலைவர், சபைக்காரர்கள், கிட்டங்கி முதலாளி எல்லாரும் வந்து நின்றபோது ஒன்பது வரிசைதான் தெரிந்தது. அவர்களை நிற்க வைத்துவிட்டு மேலும் இரண்டு வரிசை இறைத்தோம். என் வீட்டுக்காரர் இறங்கினார். மேற்குச் சுவர் இருட்டாக இருந்தது. நான் வீட்டுக்கு ஓடி என் கல்யாணத்துக்கு உன் அப்பா வாங்கிக் கொடுத்த நிலைக்கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தேன்.

தேங்காய் நார் இரண்டு இழுப்பு இழுத்ததும் அவர் கை நின்றுவிட்டது. அப்புறம் உள்ளேயிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றாமல்:

ஆங்கீரச வருசம் மருதை வண்டிகாரர் ஏளு பேர் வெட்டின கிணறு ஊர் தண்ணி தடுகாதே

மறுபடி படிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை படித்தார். சபைக் குமாஸ்தாவையும் கயிறு கட்டி இறக்கினோம். அவரும் அதையே படித்தார். அந்த ஆங்கீரச வருஷம் அறுபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என்று கணக்கும் போட்டுச் சொன்னார்.

கிட்டங்கி முதலாளி அப்போதும் விடவில்லை. "மருதைன்னா மதுரைதான்னு என்ன நிச்சயம்? மருதமரமாவும் இருக்கலாமே" என்றார். சபையில் ஒரு பெரியவர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், அதுவரை வாயே திறக்காதவர். அவர் சொன்னார்: "ஏன்யா, மருதமரமா வண்டி ஓட்டிட்டு வந்து கெணறு வெட்டுச்சு?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதலாளியும் கடைசியில் சிரித்துவிட்டார். சாயந்திரக் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தார்கள். படித்த பெண் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டாள் என்று தலைவர் நல்லவிதமாகச் சொன்னாராம். கிணறும் காலி இடமும் ஊருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் தடுக்க முடியாது.

இப்போது உனக்கு ஒரு வேலை. தெருவுக்குத் தகரப் பலகை அடிக்கப் போகிறார்கள். மருதத் தெருவா, மதுரைத் தெருவா, எப்படி எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். மதுரையில் ஒரு டீச்சர் இருக்கிறாள், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்வதுதான் பலகையில் ஏறும்.

பிறை தெரிந்தால் நாளையோ மறுநாளோ பெருநாள். இந்த நோன்பை நான் மறக்க மாட்டேன்.

சபியா


மதுரை
24-11-1938

சபியாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து.

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். கல்லில் இருந்த வரியைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். 'டீச்சர், அதுல நாலஞ்சு பிழை இருக்கு' என்றாள் ஒருத்தி. இருக்கட்டும் என்றேன். வகுப்பே என்னை ஏற இறங்கப் பார்த்தது. அதன்பின் நோட்டுத் திருத்தும்போது ஒரு பெண் மருதை என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பென்சிலைக் கொண்டுபோனேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

பலகையில் 'மருதைத் தெரு' என்று எழுதச் சொல். வெட்டினவர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படி.

நேற்று சேதி கொண்டுபோன முருகம்மாள் இன்று பதில் கொண்டுவந்தாள். விருமாண்டி கேட்டதும் எழுந்துவிட்டாராம். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செல்லத்தாயி, நான் கெணத்துக்குப் போறேன்" என்று அவர் அப்பா மாதிரியே மந்தை வரைக்கும் நடந்துவிட்டு வந்தாராம். யாரும் சிரிக்கவில்லையாம். அந்தத் தண்ணீரில் ஒரு வாய் வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என் அம்மாவின் பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னால் நானே குடித்துப் பார்க்க வேண்டும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல.

சனிக்கிழமை காலை வண்டி. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். ஜட்காக்காரனிடம் நானே தெருப் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன்.

வாரேன்.

ஸ்யாமளா